நோர்வேயில் அதிகம் வைக்கிற பெயர்

என் தங்கை நோர்வேயில் இருக்கிறாள். கலியாணம் கட்டிப் போய்ப் பல வருடங்கள் கழித்துத்தான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. சனிக்கிழமை மாலைகளில் அழைப்பாள். அங்கே அது காலை. வென்ட்வேர்த்வில் வீட்டுக் குசினியில் நான் சமைத்துக்கொண்டிருக்க, அந்த நாட்டில் அந்த வருடம் அதிகம் வைக்கப்பட்ட பிள்ளைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள்.

"எல்லாம் குட்டிக் குட்டிப் பேர் அக்கா. வாயைத் திறக்க முதல் முடிஞ்சிடும்."

"வை, வை. உன்ர மாமி அதைக் கூப்பிடேக்க பல்செட் கழண்டு விழட்டும்" என்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அது வெறும் பொழுதுபோக்கு. அப்பா இருக்கும்வரை எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெயர் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிள்ளை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. பெண். என்னோடு இருக்கும் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினை மணிக்கு?"

பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நேரத்தை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நார்த்மீட்டில் சாதகம் பார்க்கிற ஒருவரிடம் போனார். அவர் நட்சத்திரத்தைக் கணித்து, பெயர் இந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்றார். அப்பாவுக்குத் திருப்தி இல்லை. மெல்பேணில் இன்னொருவருக்குப் போன் போட்டார். அவர் வேறொரு எழுத்தைச் சொன்னார். ஒருவர் நோர்வே நேரத்தை வைத்துக் கணித்திருக்கிறார், மற்றவர் நாங்கள் பிறந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக் கணித்திருக்கிறார். எது சரி என்று கேட்க அப்பா மூன்றாவது ஆளைத் தேடத் தொடங்கினார்.

"அப்பா, பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கு" என்றேன்.

"அதுதானே பிள்ளை, எழுத்தை வடிவாப் பாக்க வேணும். பேர்லதான் ஆயுள் இருக்கு. எப்பிடியும் முப்பத்தொண்டு கழிஞ்சுதானே பேர் வைக்கிறது, அவசரம் இல்லை."

எங்களில் அப்படித்தான். பிறந்து முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழித்த பிறகே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அதற்கு முன் வைத்தால் பிள்ளைக்கு ஆகாது. இதையெல்லாம் தங்கைக்குப் போனில் சொல்லியும் வைத்திருந்தார்.

அங்கே ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒவ்வொரு நாளும் பெயர் கேட்டாளாம். பெட்டிக்குள் கையை விட்டுத் தொடுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள், தாயின் குரலைப் பிள்ளை அறியும் என்றாளாம். பக்கத்துப் பெட்டிகளில் எல்லாம் அந்த நாட்டுக் குட்டிப் பெயர்கள், வண்ணப் பேப்பரில் வெட்டி ஒட்டியபடி. எங்கள் பிள்ளையின் பெட்டியில் தாயின் பெயரை எழுதி, அதன் கீழே 'பெண்' என்று போட்டிருந்தார்களாம்.

"நீ ஒண்டை வையன். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"பயமா இருக்கக்கா. நான் அவசரப்பட்டு வைச்சு, ஏதும் ஒண்டு ஆகிட்டா?"

மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்த மாத்திரை எதற்கு என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கிறவள். பயம் வந்தால் படிப்பெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

அப்பாவிடம் மல்லுக்கட்டினேன். "நீங்கள் ஒருக்காச் சொன்னா வைப்பாள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் கண் கலங்க, "நான் அந்தக் குஞ்சு இருக்க வேணுமெண்டுதானே இவ்வளவும் செய்யிறன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் பாடு சுகமாக இருந்திருக்கும், மனதாரத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

முப்பத்தொன்று வரவில்லை. ஒரு வியாழன் பின்னேரம், வேலை முடிந்து ஸ்டேஷன் படியில் இறங்கும்போது தங்கை அழைத்தாள். வியாழனில் அவள் அழைப்பதே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"போயிட்டுது அக்கா" என்றாள். அழவில்லை. "குழாயெல்லாம் கழட்டிப்போட்டு என்ர கையில தந்தவை. கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து பாத்தது. என்ன சொல்லிக் கூப்பிடுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

ஐயோ, அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

வீட்டில் நான் சொன்னதை அப்பா கதிரையில் இருந்தபடி கேட்டார். பிறகு, "பேர் வைக்காத பிள்ளை. அப்பிடியே போகட்டும். அதுதான் முறை" என்றார்.

"முறை! நாசமாப் போன முறை! இன்னொருக்கா அந்தச் சொல்லைச் சொன்னீங்களெண்டா நான் மனிசியா இருக்கமாட்டன்!" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் குரல் உயர்த்தியவள் இல்லை நான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடக்கம் செய்யும் இடத்தில் கல்லில் எழுதுவதற்குப் பெயர் கேட்டார்கள். தங்கை யாரிடமும் கேட்கவில்லை. அந்த வருடம் அங்கே பெண் பிள்ளைகளுக்கு எது அதிகம் வைக்கப்பட்டதோ அதையே கொடுத்துவிட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

பெயரைக் கேட்டதும் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். "எங்கட பேர் ஒண்டு வையன் அம்மா. எந்த எழுத்தெண்டாலும் பரவாயில்லை. உனக்குப் பிடிச்சதை வை."

"எங்கட பேரை வைச்சா இஞ்ச ஆர் அப்பா கூப்பிடப் போகினம்?" என்றாள் அவள். கோபம் இல்லை, விளக்கம் சொல்வது போலத்தான் சொன்னாள். "இந்தப் பேரெண்டா கடையில, ரோட்டில, பாலர் பள்ளி வாசலில, எந்த நாளும் ஆரோ ஒரு தாய் கூப்பிடுவாள். நான் கூப்பிடாததை அவையெண்டாலும் கூப்பிடட்டும்."

அப்பா போனைத் திருப்பித் தந்துவிட்டு அறைக்குள் போனார். அதன் பிறகு அவர் யாருடைய சாதகத்தையும் கையால் தொடவில்லை.

தங்கை இப்போதும் சனிக்கிழமைகளில் அழைக்கிறாள். போன கிழமை பஸ்ஸில் இருந்து பேசினாள். விடாமல் கொட்டுகிற பனி, வழுக்கி விழுந்த பக்கத்து வீட்டுக்காரி என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண், இறங்குவதற்குப் போல, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கே கேட்டது. தங்கையின் பேச்சு பாதிச் சொல்லில் நின்றது. பஸ் நிற்பதும், கதவு திறப்பதும், மூடுவதும், திரும்ப வெளிக்கிடுவதும் கேட்டன.

"ஓமக்கா" என்றாள் பிறகு. "என்ன சொல்லிக்கொண்டிருந்தனான்?"