கீழ்ப் போர்ஷன்

எனக்குக் கைதான் முதலில் பேசும். வாய் அப்புறம், புத்தி அதற்கும் அப்புறம். பெருமைக்குச் சொல்லவில்லை. சொந்த வீடு இருந்தும் நாலு வருஷம் வாடகை வீடுகளில் கிடந்ததற்கு இந்தக் கைதான் காரணம்.

அஸ்தினாபுரத்தில் அப்பா கட்டிய வீடு. அவர் போன பிறகு நானும் தம்பியும் அவரவர் மனைவியோடு அதில் இருந்தோம். யாருக்கு மாடி, யாருக்குக் கீழே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச உட்கார்ந்தோம். பேச்சு வளர்ந்தது. அவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்றுகூட இன்றைக்கு ஞாபகம் இல்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன். இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. செவிப்பறை கிழிந்துபோய், ஆபரேஷன் பண்ணியும் அந்தக் காது கேட்காமலே போயிற்று. அவன் என்னைத் திருப்பி அடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் இருக்க முடியாமல் அடுத்த மாதமே மனைவியை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். இந்த வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வேறு வந்தேன், அடி வாங்கியவன் நான் என்பது போல.

முதலில் சேலையூர், அப்புறம் பம்மல். இரண்டு இடத்திலும் குடிபோன பத்துப் பதினைந்து நாளில் மனைவிக்குக் கரு கலைந்தது. வீடு மாறியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். வெளியே வந்ததும், “அவங்களுக்கு என்ன தெரியும்” என்பாள். பிள்ளைத்தாய்ச்சி வீடு மாறக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான். மற்றவர்களுக்கு அது பேச்சு. அவள் இரண்டு முறை ரத்தமாகப் பார்த்தவள். அவளிடம் போய் நான் என்ன வாதாடுவது?

மூன்றாவதாகக் கிடைத்தது மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கீழ்ப் போர்ஷன். ஹால், தெருப்பக்கம் சுவர் வைத்த ஒரு பெட்ரூம், இரண்டு பேர் நின்றால் திரும்ப முடியாத சமையலறை. டாக்டரம்மாவின் கிளினிக் நடக்கிற தூரம். அதற்காகவே மனைவிக்குப் பிடித்துவிட்டது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நாம் எங்கே வீட்டைப் பார்க்கிறோம்? வீட்டுக்காரர்தான் நம்மைப் பார்க்கிறார். மாடியில் குடியிருந்த அந்த வீட்டுக்காரர், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என்னை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தார்.

“இன்னா வேலை? எத்தினி பேரு? மீனு, கறி நாங்களும் துன்றோம், அது ஒண்ணும் பேஜாரில்ல. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது சார். எங்கப்பா கட்ன செவுரு.”

நாவலூர்ப் பக்கம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், நாங்கள் இரண்டே பேர், ஆணி அடிக்க மாட்டோம் என்றேன். பால் காய்ச்சிக் குடித்தோம். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டோம்.

குடிபோன மூன்றாம் மாதம் கரு தங்கியது. நாலு மாதம் தாண்டியதும் ஒருநாள், சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் வலது கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“இது பொறக்கிற வரைக்கும் இந்த வீட்ட விட்டு நகரக் கூடாது. அதுக்கு நீங்க யார்கிட்டயும் சண்டைக்குப் போகாம இருக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்.”

“போக மாட்டேன்.”

“கைய வெச்சுச் சொல்லுங்க.”

கை அங்கேதான் இருந்தது. சொன்னேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி உண்டு என்பதே எங்களுக்கு வைகாசியில்தான் தெரியும். பல வருஷம் எங்கெங்கோ லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தான். ஒரு காலையில் எங்கள் கதவைத் தட்டினான்.

“சார், எங்கப்பா சாவுற நேரத்துல, மேல் வூடு அவனுக்கு, கீழ் வூடு எனக்குன்னு சொல்லிட்டுதான் செத்தாரு. ஆடிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துரு.”

மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். “பேப்பர்ல கீதாடா? வாயால சொன்னதுலாம் செல்லாது. சார், நீங்க என் ஆளு. கதவச் சாத்திக்கினு உள்ள போங்க.”

நீங்க என் ஆளு. இதில் விழுந்தேன் நான். வாடகைக்கு இருப்பவனை இந்த ஊரில் யார் தன் ஆள் என்று சொல்கிறார்கள்? சொந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவனுக்கு அது வெல்லமாக இனித்தது. அவர் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது. வாசலில் நின்று, “எனக்கு ஓனர் அவர்தான். உன் பஞ்சாயத்த கோர்ட்டுல வெச்சுக்கோ” என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதலில் தண்ணீர்க் குழாயை அறுத்தான். பட்டப்பகலில், ரம்பம் வைத்து, நின்று நிதானமாக. அண்ணன் மாடியிலிருந்த பூந்தொட்டியைத் தூக்கித் தம்பியின் பைக் மேல் போட்டார். டேங்க் நசுங்கிப் பெட்ரோல் வாசலெல்லாம் ஓடியது. அந்த நாற்றத்தில் மனைவிக்கு அன்று முழுக்க வாந்தி. இரண்டு வாரம் கழித்து, எங்கள் கக்கூஸ் குழாய் வெளியே போகிற இடத்தில் தம்பி சிமென்ட் கலவையை ஊற்றினான். ஏழு மாதக் கர்ப்பிணி, மணிக்கொரு தரம் போக வேண்டியவள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் ஆள் வைத்து அதை உடைத்துச் சரிசெய்தார். கையோடு தம்பியின் சட்டையைப் பிடித்துத் தெருவில் தரதரவென்று இழுத்துப் போய், மூலையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் கூடைமேல் தள்ளினார். பலகையும் கத்தியும் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மணிக்கட்டில் வெட்டு, அரை வாளி ரத்தம்.

“அடப் பேமானிங்களா, உங்க பாகப்பிரிவினைக்கு என் சங்கரா மீனுதான் கெடச்சுதா?” என்று அந்த அம்மா இரண்டு பேரையும் துடைப்பத்தால் விளாசினாள். தெரு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கை அரித்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். மனைவி ஜன்னலிலிருந்து சண்டையைப் பார்க்க மாட்டாள், என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வேற வீடு பார்ப்போமா?” என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு கேட்கவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது. நாவலூரில் ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதென்று காலையிலேயே போனவன், பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். தெரு திரும்பும்போதே பாட்டுக்கு நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. தம்பிக்காரன் கடப்பாரையால் எங்கள் பெட்ரூம் சுவரை இடித்துக்கொண்டிருந்தான். ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. ஆணி அடிக்காமல் நாங்கள் காப்பாற்றிய சுவர்.

“எனக்கில்லாத செவுரு எவனுக்கும் வாணாம்” என்று ஒவ்வொரு குத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓட்டை வழியாகப் பார்த்தேன். கட்டில்மேல் செங்கல் கிடந்தது. அவள் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் இரண்டு. அவள் எதிர் மூலையில், முடியெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு, வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். உயிரோடு நிற்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கைதான் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி அவன் பிடரியில் இறக்கினேன்.

ஒரே அடியில் குப்புற விழுந்தான். கடப்பாரை உருண்டு சாக்கடைக்குப் போயிற்று. அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் அவனைப் புரட்டிப் போட்டு, மார்மேல் உட்கார்ந்து, முகத்தில் ஹெல்மெட்டால் குத்தினேன். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. பல் ஒன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. “வுட்ருண்ணா, வுட்ருண்ணா” என்று கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையின்மேலும் அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. மூன்று மாதமாகக் கட்டிப்போட்ட கை ஆசை தீர அடித்தது.

மாடிப்படியில் அண்ணன் தடதடவென்று இறங்கி வந்தார். வாங்க சார், வந்து இவனைப் பிடிங்க என்று நான் நிமிர்ந்தேன். அவர் இடிந்த சுவரிலிருந்து ஒரு முழுச் செங்கலை எடுத்து என் தலையில் போட்டார்.

“எந் தம்பி மேல கை வெக்க நீ யார்ரா? குடியிருக்க வந்த நாயி.”

நான் சாய்ந்தேன். அவர் என் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். தம்பி எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, “நல்லாப் புடிண்ணா” என்று சொல்லி உதைத்தான். அவரை அவன் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அது என் விலாவில் ஆடியது, இரண்டு எலும்பு விரியும்வரை.

மனைவி வெளியே வந்தாள். கத்தவில்லை, குறுக்கே விழவில்லை. ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல், இன்னொரு கையில் பிரசவத்துக்கென்று மடித்து வைத்திருந்த துணிப்பை. என்னைத் தாண்டி நடந்து போய், கூழுக்கு ஆள் இறக்கிவிட்டு நின்ற ஆட்டோவைக் கைகாட்டினாள்.

“எங்க போற? வீடு மாறக் கூடாதுன்னு நீதான சொன்ன?” என்று தரையில் கிடந்தபடியே கேட்டேன்.

அவள் திரும்பினாள். “ஓட்டை வழியா பார்த்துட்டுதான் இருந்தேன். அவன் கும்பிட்டப்புறமும் அடிச்சீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “சண்டைய முடிச்சுட்டு வாங்க.”

ஆட்டோக்காரரிடம் அஸ்தினாபுரம் என்றாள். வேறு எந்த ஊர் பெயரைச் சொல்லியிருந்தாலும் எனக்கு அப்படி வலித்திருக்காது.

தலையில் ஏழு தையல், விலாவுக்கு ஒரு கட்டு. ஸ்டேஷனுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்தார்கள். குடியிருந்தவன் குடித்துவிட்டு அடித்தான், சுவரையும் அவன்தான் இடித்தான் என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார்கள். நான் வாழ்நாளில் குடித்ததில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் கேஸ் வேண்டாம், நான் வீட்டைக் காலி செய்வது என்று முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பெண் குழந்தை. ஆவணியில், அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவி பெற்றெடுத்தாள், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான்.

மிதிக்க மாட்டேன் என்று நான் கத்திய வாசல். என் தம்பி காம்பவுண்டுக்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான், எனக்கு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு. ஹால் ஜன்னலில் என் மனைவி நின்றாள். தலைக்கட்டோடு கேட்டுக்கு வெளியே நின்று, வழியெல்லாம் ஆட்டோவில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

“தம்பி, உன்ன நான் அடிச்சது தப்புடா. மன்னிச்சுக்கோ.”

அவன் திரும்பவில்லை. அடுத்த செடிக்குப் போனான். இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கச் சொன்னேன். குழாயை மாற்றிப் பிடித்தானே ஒழிய ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாலு வருஷம் கழித்து இறங்கி வந்தால் இவ்வளவு திமிரா என்று எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கேட்டை எட்டி உதைக்கக் கால் எழுந்தது. ஜன்னலைப் பார்த்தேன். மனைவி வழக்கம்போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவன் குழாயை மூடத் திரும்பினான். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. தலைக்கட்டைப் பார்த்தான், ஓடி வந்து கேட்டைத் திறந்தான்.

“எப்பண்ணா வந்த? ஏதாவது சொன்னியா? அந்தக் காது கேக்காதுண்ணா. இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

கோபமே இல்லாமல், வழி சொல்வது போலச் சொன்னான். நான் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் போய் நின்றேன். மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.