சீமாம்பிள்ளை போட்ட கட்டு

பன்னிரண்டு வயதில் நான் ஒரு குதிரையின் முன்காலில் இருந்த தளையை அவிழ்த்தேன். குதிரை செத்தது. தளை தானாகவே அவிழ்ந்து கிடந்தது என்று நான் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் ஒருவர் தன் தொழிலை விட்டார். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்கு அறுபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கச்சான் காற்று வீசும் ஆவணி மாதத்தில், வெயிலில் காய்ந்த கூடாரத் துணியின் மணமும் குதிரை வியர்வையின் மணமும் கலந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். அந்த மணத்துக்குள்தான் நான் ஒரு பள்ளி விடுமுறை முழுவதையும் கழித்தேன். என் தகப்பனார் நில அளவையாளர். கிளிவெட்டிக்கு மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு கல்மலையின் உச்சியில் அளவைத் தூண் ஒன்று கட்டவேண்டியிருந்தது. சீமெந்தும் மணலும் தண்ணீரும் மேலே போகவேண்டும். மலைப்பாதையில் வண்டி ஏறாது. மாடுகளைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், வழுக்குப் பாறையைக் கண்டதும் அவை நின்றுவிட்டன. ஆகவே நெடுந்தீவிலிருந்து இரண்டு மட்டக்குதிரைகளையும் அவற்றின் சொந்தக்காரரையும் வரவழைத்தார்கள்.

அந்தச் சொந்தக்காரர்தான் சீமாம்பிள்ளை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மெலிந்தவர், அதிகம் பேசாதவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நான் அவரைச் 'சீமான் அண்ணை' என்று கூப்பிடுவேன். பெண்குதிரைக்கு முத்து என்று பெயர், ஆண்குதிரைக்குக் கறுவல். கிண்ணியாவில் ஆற்றைக் கடக்க 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றியபோது கறுவல் கால் உதைத்ததாம். முத்து மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றதாம். இதைச் சொல்லும்போது மாத்திரம் சீமாம்பிள்ளை சிரிப்பார்.

மலையடியில் நாலு கூடாரங்கள். ஒன்று அப்பாவுக்கும் எனக்கும், இரண்டு அளவைச் சங்கிலி பிடிக்கும் ஆட்களுக்கு, ஒன்று சமையலுக்கான குசினி. குதிரைகளுக்குக் கூடாரம் இல்லை, மரத்தில் கட்டுவதும் இல்லை. கட்டினால் மேயும்போது கயிறு சுற்றிக் கழுத்தை இறுக்கும் என்பார் சீமாம்பிள்ளை. பனைநாரில் தானே திரித்த குட்டைக் கயிற்றால் முன்கால் இரண்டையும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிணைத்துவிடுவார். அதுதான் தளை. குதிரை சின்னச் சின்ன அடி வைத்து நாள் முழுவதும் மேயும், ஆனால் ஓடாது. அந்தக் கட்டு அவருடைய தகப்பனாரிடமிருந்து வந்தது என்றும், தீவில் அதைப் போடத் தெரிந்த வீடு தங்களுடையது ஒன்றுதான் என்றும் சங்கிலிக்காரர்கள் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. குனிவார், இரண்டு கையும் ஒருமுறை சுழலும், நிமிர்வார். அவ்வளவுதான்.

மலைக்கும் கிளிவெட்டி வயலுக்கும் இடையில் அறுவடை முடிந்து சூடு அடித்துக்கொண்டிருந்தார்கள். எருமைகளை வட்டமாக நடக்கவிட்டுக் கதிரை மிதிப்பிப்பார்கள். களத்தின் சொந்தக்காரர் நாகமணியர் என்ற பெரிய கமக்காரர். அவருடைய களத்தில் என் வயதுப் பொடியள் ஐந்தாறு பேர் வைக்கோல் அள்ளினார்கள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றதுதான் தொடக்கம்.

"எடேய், டவுன் துரை வாறார், விலகுங்கோ!"

"துரையிட்டைக் குதிரை இருக்காம். ஏறத்தான் தெரியாதாம்."

"அது குதிரையே? எங்கட எருமைக்கண்டு அதைவிட உயரம்."

ஏறத் தெரியும் என்றேன். அப்படியென்றால் கொண்டுவந்து காட்டு என்றார்கள். நான் அதுவரை குதிரையில் ஏறியதில்லை.

சீமாம்பிள்ளையிடம் கேட்டேன். முத்துவின் முதுகில் தண்ணீர்த் தகரம் உரசிப் புண் வந்திருந்ததால் நாலு நாளைக்கு அதற்கு ஓய்வு என்றார். பிறகு, நான் களத்துப் பக்கம் போய்வருவதைக் கண்டவர்போல, "தம்பி, நெல்லு மட்டும் காட்டிப்போடாதேங்கோ. மாடு திண்டா அசைபோட்டு இறக்கும். இது அப்பிடியில்லை. சத்தி எடுக்கவும் தெரியாத சாதி. உள்ள போனது உள்ளதான்" என்றார். இந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. அன்றும் மறக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

மறுநாள் காலை அவர் கறுவலோடு மலை ஏறியதும், அப்பாவும் ஆட்களும் பின்னால் போனதும், நான் முத்துவின் தளையை அவிழ்த்துக் கயிற்றைப் புல்லில் போட்டுவிட்டு, குதிரையைத் தலைக்கயிற்றில் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போனேன். வழியில் ஒரு புற்றில் ஏறி நின்று அதன் முதுகில் தாவினேன். புண் பட்டிருக்கவேண்டும், தோல் சிலிர்த்தது. ஆனால் அது என்னைத் தள்ளவில்லை. களத்துக்குள் நான் குதிரைமேல் போனேன். பொடியள் வாயை மூடிக்கொண்டார்கள். என் வாழ்வில் அந்த அளவுக்கு நான் பெரியவனாக இருந்த நேரம் வேறு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முத்து நெற்குவியலில் வாய் வைத்தது.

நான் தலைக்கயிற்றை இழுத்தேன், வரவில்லை. நாகமணியர் என்னைத்தான் தடுத்தார். "விடு மோனே, திண்டிட்டுப் போகட்டும். களத்துக்கு வந்த வாயைத் தட்டிவிடக் கூடாது." அவர்களுடைய வழக்கம் அது. சூடு அடிக்கும் எருமைக்கு வாய்க்கூடு போடமாட்டார்கள், வழிதவறி வரும் மாட்டையும் கலைக்கமாட்டார்கள். குதிரையும் அவருக்கு ஒரு மாடுதான். அவரில் பிழை இல்லை. குதிரைக்கு நெல் ஆகாது என்று அந்தக் களத்தில் தெரிந்தவன் நான் ஒருவன். சொல்லியிருந்தால் ஐந்து பேர் சேர்ந்து இழுத்திருப்பார்கள். ஆனால் அது தின்றுகொண்டிருக்கும்வரை அசையாமல் நின்றது. அது அசையாமல் நிற்கும்வரை நான் மேலே இருந்தேன். பொடியள் ஒவ்வொருவராக வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு அவர்களே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் குடித்தது.

பின்னேரம் சீமாம்பிள்ளை இறங்கி வந்தபோது முத்து முன்காலால் நிலத்தைக் கீறிக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அதன் வாயை முகர்ந்தார். படுக்கவிடாமல் பிடித்து நடத்தத் தொடங்கினார். கூடாரத்தைச் சுற்றி, சுற்றி, சுற்றி. நான் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். விடிந்து எழும்பியபோது முத்து கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஈ மொய்த்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் சொன்னேன்: "தளை தானா அவிழ்ந்து கிடந்தது அப்பா. களத்தில நிண்டதை நான்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனான்." அப்பா என் தலையைத் தடவினார். நல்ல வேலை செய்தாய் என்றார். களத்துப் பொடியளை ஒருவரும் விசாரிக்கவில்லை. அரசாங்க அளவையாளரின் மகன் சொன்னதை அவர்களிடம் போய்ச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"என்ர கட்டு அவிழாது ஐயா" என்றார் சீமாம்பிள்ளை.

"அவிழாமலோ குதிரை அரை மைல் போய் நெல்லுத் திண்டது? நீர் கட்டினதுதானே?"

"நான் கட்டினதுதான் ஐயா."

அவர் புல்லில் கிடந்த கயிற்றை எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். அதன்பிறகு அவர் சொன்னது யாருக்கும் இல்லை, தனக்குத்தான். "நேற்றுக் காலமை கறுவல் முரண்டு பிடிச்சுது. அந்த அவசரத்தில... ரெண்டாம் சுத்தைப் போடாமல் விட்டிட்டனோ தெரியேல்லை." அப்போது அவர் முகத்தில் ஏதோ ஒன்று விலகிப்போனதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைத் திரும்ப வைத்திருக்கலாம். அப்பாவின் கை இன்னும் என் தலையில் இருந்தது.

முத்துவை அங்கேயே புதைத்தார்கள். மறுநாள் அவர் கறுவலை மட்டும் பிடித்துக்கொண்டு போனார். கவலையீனமானவர், இனி எடுக்கவேண்டாம் என்று அப்பா மற்ற அளவை ஆட்களுக்கும் எழுதினார். தூணுக்கு வேண்டிய மிச்சத் தண்ணீரை ஆட்கள் தலையில் சுமந்தார்கள்.

நான் படித்தேன், ஆசிரியரானேன், அதிபராக இருந்து ஓய்வு பெற்றேன். உண்மை பேசுதல் என்ற தலைப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துப் புள்ளி போட்டிருக்கிறேன். அப்பா படுக்கையில் விழுந்த காலத்தில் ஒருநாள் அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அது பழங்கதை, விடு" என்றார். விட்டேன். பிறகு சண்டை வந்தது. பாதைகள் அடைபட்டன. யாருக்கும் யாரையும் தேடிப் போக ஏலாத அந்த ஆண்டுகள் எனக்கு ஒருவகையில் வசதியாகவே இருந்தன என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மனைவி இறந்தபின், சென்ற ஆண்டு, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். இறங்குதுறைக் கடையில் சீமாம்பிள்ளை என்று விசாரித்தேன்.

"ஆர், 'அவிட்டுவிட்ட சீமான்' கிழவனோ?" என்றார் கடைக்காரர். "கோயிலடியில திரும்புங்கோ. ஏன் ஐயா, உங்கட குதிரையையும் அவிட்டுவிட்டிட்டாரோ?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புப் புதிதல்ல. வெகுநாள் பழகிய சிரிப்பு.

அவர் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எண்பத்தைந்து கடந்திருக்கும். நான் இன்னாருடைய மகன் என்றதும் மருமகளிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார், அப்பா இருக்கிறாரோ என்று விசாரித்தார். தீவுக்குத் திரும்பிய ஆண்டே கறுவலை மச்சானுக்குக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனதாகச் சொன்னார். கடலிலும் வள்ளத்தைத் தான் கட்டுவதில்லை, கூட வருபவர்களே கட்டுவார்கள் என்றார், அது ஒரு சாதாரண விஷயம்போல.

நான் சொல்லவந்ததைச் சொன்னேன். படகில் ஒத்திகை பார்த்த வசனங்கள்தான். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

அவர் "பொறும்" என்றார். அதுவரை நீங்கள் என்றவர் நீர் என்றார். "பிலோமினா, அடுப்பை விட்டிட்டு இஞ்ச வா. இனிச் சொல்லும்."

மருமகளுக்கு முன்னால் முதலிலிருந்து சொன்னேன்.

"எந்தப் பக்கத்தால அவிட்டனீர்?"

"நினைவில்லை. முன்பக்கத்தால எண்டுதான் நினைக்கிறன்."

"லேசா வந்துதோ?"

"இல்லை. விரலால ஏலாமல் போச்சு. பல்லால கடிச்சு இழுத்தனான்."

"பல்லாலயோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம் இருக்கும்."

அவர் மருமகளின் பக்கம் திரும்பினார். "கேட்டியே பிள்ளை? கால் மணித்தியாலம். அதுவும் பல்லால." அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன்.

"உந்த மன்னிப்பை முத்துவிட்டைக் கேளும்" என்றார் சீமாம்பிள்ளை.

கடைசிப் படகுக்கு நேரமாகியது. அவர் எழுந்து வரவில்லை. அவருடைய மகன் அந்தோனி, கடலுக்குப் போய் அப்போதுதான் வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் துறைவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து, என் தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். துறைக் கடையில் ஏறி, அங்கே நின்றவர்களுக்கும் சொன்னேன். ஒருவர், "இப்ப என்னத்துக்கு ஐயா உந்தக் கதை?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கிளிவெட்டிப் பக்கமும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். களம் இருந்த இடத்தில் இப்போது களம் இல்லை. இயந்திரம் வயலிலேயே வெட்டி அடித்து மூட்டையாகத் தருகிறது. மலையில் பாதியைக் கல்லுக்காக உடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். தூணும் இல்லை, தூண் நின்ற உச்சியும் இல்லை. முத்துவைப் புதைத்த இடம் எது என்று என்னால் காட்ட ஏலாது.

சென்ற கிழமை அந்தோனி தொலைபேசியில் அழைத்தார்.

"மாஸ்டர், நீங்கள் வந்துபோனதோட எங்களுக்குக் கரைச்சல் கூடிப்போச்சு. அப்பா இப்ப வீட்டில எல்லாத்தையும் கட்டுறார். வாசல் படலையைக் கட்டுறார், வள்ளத்தைக் கட்டுறார், வேற ஒருத்தரையும் தொடவிடுறாரில்லை. நேற்று ஆட்டுக்குப் போட்ட கட்டை அவிழ்க்க ஏலாமல் கயித்தை வெட்டினனான். அதுக்கு ஏச்சு வேற. பல்லால அவிட்டிருக்கலாமேடா எண்டு."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன். பிறகு, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"இல்லை மாஸ்டர்" என்றார் அந்தோனி. "குதிரையைப் பற்றித்தான் கதைக்கிறார்."