மண்முனைப் பாதையில் விழுந்தவன்

நேற்று மட்டக்களப்பு நகரில் ஒரு கராஜுக்கு வேன் திருத்தப் போயிருந்தேன். வெயிலில் காய்ந்த புழுதியில் டீசல் சிந்திக் கிடந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் ஆப்கானிஸ்தான் மலைகளுக்குப் போய்விட்டேன். மெக்கானிக் மூன்று தடவை கூப்பிட்டானாம்.

அங்கே நான் ராணுவ லொறி ஓட்டினேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலையில் அப்போது சண்டை. அங்கே இருந்தால் இவன் கையிலும் துவக்கு வந்துவிடும் என்று பயந்துதான் அக்கா என்னைப் பிரான்சுக்கு அனுப்பினாள். நானோ விசாவுக்காக, வெளிநாட்டாரையும் சேர்த்துக்கொள்ளும் அந்நாட்டுப் படையொன்றில் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுவதாக அக்காவிடம் டெலிபோனில் சொல்லிவைத்தேன். ஐந்து வருடம் அந்தக் கோப்பைகளைக் கழுவினேன்! ஒருநாள் எனக்கு முன்னால் போன லொறி கண்ணிவெடியில் சிதறியது. அதை ஓட்டியவன் நேபாளத்துக்காரன். முகாமில் என்னைப்போலவே சோற்றுக்கு ஏங்கிய ஒரே ஆள். அதன்பிறகு ஊர் நினைப்பாகவே இருந்தேன்.

ஒப்பந்தம் முடிந்து நான் திரும்பியபோது இங்கேயும் சண்டை முடிந்திருந்தது. மண்முனையில் அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் பாதை என்போம். அக்கா இக்கரைக்கே வந்து காத்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இருவரும் ஏறினோம். நடு வாவியில் யாரோ இரும்புப் பலகையொன்றைத் தடாலென்று போட்டார்கள். மறுகணம் நான் குப்புறக் கிடந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மா என் முதுகைத் தட்டினார். "பலகைதான் மனே, எழும்பு. நாங்களும் இப்பிடித்தான் விழுந்து எழும்பின."

அக்கா என்னையே பார்த்தாள். "கோப்பை கழுவுற இடத்தில இப்பிடி விழவும் பழக்குறவங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கரை நெருங்கியபோது மெல்லக் கேட்டாள்: "ஆரையும் சுட்டியா?"

"இல்லக்கா. லொறிதான் ஓட்டினன். துவக்கு பக்கத்தில கிடந்த."

என் நெற்றியில் ஒட்டியிருந்த துருவைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இனி எனக்குப் பொய் சொல்லாத. வா, சோறு ஆறப்போகுது."

இப்போது பாடசாலை வேன் ஓட்டுகிறேன். பாதை போய்ப் பாலம் வந்து பல வருடமாகிவிட்டது. சத்தம் கேட்டதும் விழுகிற பழக்கமும் எப்போது போனதென்று தெரியவில்லை. போன கிழமை கோயில் திருவிழாவில் வெடி போட்டார்கள். மகள் என் கையை உதறிக்கொண்டு சத்தம் வந்த பக்கமாகவே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.