வேப்பிலைக் கொத்தும் கூப்பன் புத்தகமும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அம்மை கண்ட மாதம் என்னிடம் காசு இருந்தது. அதுதான் வேடிக்கை. சம்பளம் போட்ட மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. எங்கள் இரண்டு பேர் சம்பளமும் பிஸ்கட் டின்னுக்குள் அப்படியே கிடந்தது. அதில் ஒரு சதத்தை நான் தொட முடியாது.

இலங்கையில் மாத்தளைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி கொக்கோவுமாக இருந்த தோட்டம் அது. எழுபதுகளின் பஞ்ச காலம். பாண் ரொட்டிக்கு கியூ, சீனிக்கு கியூ, மண்ணெண்ணெய்க்கு கியூ. அரிசியும் மாவும் கூப்பனுக்குத்தான். அந்தந்த வாரக் கூப்பனை அந்தந்த வாரமே கூட்டுறவுச் சங்கக்கடையில் கொடுத்து வாங்காவிட்டால் போனது போனதுதான். அந்த நேரம் பார்த்து லயத்தில் ஏழு காம்பரா வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது.

அம்மை கண்ட வீட்டிலிருந்து காசு, உப்பு, நெருப்பு எதுவும் வெளியே போகக் கூடாது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை அந்த வீட்டு ஆட்கள் கடை கண்ணிக்கும் போகக் கூடாது. எனக்கு சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு உள்ள கட்டுப்பாடு எனக்கும் சேர்த்துத்தான்.

"ஏங்க, புள்ளைக்கு நாளைக்கு என்னத்தக் காய்ச்சிக் குடுக்குறது? டின்னுல இருந்து அஞ்சு ரூபா எடுக்கவா?"

"ஆத்தா வந்து உக்காந்திருக்கா. காசத் தொடாத."

"உக்காரட்டும். அவளுக்கும் கூழு ஊத்தணுமில்ல?"

அவர் முறைத்தார். முறைக்கிறவர் முகத்தில் முத்து முத்தாக இருக்க, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் அவர் அசந்து தூங்கியபோது காசையும் கூப்பன் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்கு ஓடினேன். நல்ல சேலை, நெற்றியில் பொட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று நெஞ்சை நிமிர்த்தி கியூவில் நின்றேன். காலையில் அவருக்கு வேப்பிலையால் வீசிவிட்டு, அந்தக் கொத்தைக் கொண்டையில் செருகியது அப்படியே இருந்திருக்கிறது. மடச்சி, மறந்தே போனேன். பின்னால் நின்றவள் பார்த்துவிட்டாள். "ஐயய்யோ, அம்மை போட்ட வீட்டுக்காரி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கியூவே கலைந்தது. வெறும் பையோடு திரும்பி வந்தேன். வழியெல்லாம் அழுகை.

காசை டின்னில் வைத்தேன். அன்று சாயந்தரமே என் மூன்று வயது மகளுக்கு மேல் சுட்டது. விடிந்தபோது அவளுக்கும் முத்து. "யாராச்சும் காசத் தொட்டீங்களா?" என்று அவர் படுத்தபடியே கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "இல்லையே" என்றேன். அதற்குப் பிறகு அந்த டின் பக்கமே நான் போகவில்லை. பானையில் இரண்டு சுண்டு அரிசி இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் எனக்கும் நாலு மாதமாகப் பேச்சில்லை. என் கோழி அவள் விறகடுக்கில் முட்டையிடும். "என் விறகுல போட்டது எனக்குத்தான்" என்பாள். முட்டையை விற்றுத்தான் நான் மண்ணெண்ணெய் வாங்குவேன், விட்டுக்கொடுக்க முடியுமா? அவளுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் சீகிரியாப் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போனவன், தீபாவளிக்குத்தான் வருவான். தனிக்கட்டை. அதனால் வாய் நீளம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு ஆயுசு" என்பார்கள். பிள்ளை பசியில் அழுததை அவள் கேட்டிருக்கிறாள். காலையில் வாசலில் குரல் வந்தது.

"கூப்பன் புத்தகத்தப் படியில வச்சிட்டு உள்ள போ. இதுக்காகப் பேசிட்டேன்னு நெனைக்காத. முட்டை வெவகாரம் வேற."

"அக்கா, உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

"ஆறு வயசுலயே போட்டுருச்சு. மூக்குல தழும்பு இருக்கே, பாக்கலயா?"

நான் என்றைக்கு அவள் மூக்கைப் பார்த்தேன்? வாயைத்தான் பார்த்திருக்கிறேன்.

கூப்பன் புத்தகம் வெளியே போகலாமா என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம். "அது அரசாங்கத்துச் சாமான், நம்ம காசா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மஞ்சத்தண்ணி தெளிச்சுக் குடு" என்றார்.

மூன்று வாரம் அவள்தான் கியூவில் நின்றாள். அரிசி, மா, பருப்பு எல்லாம் வாசற்படிக்கு வந்தன. காசு அவளுடையது, சேலை வாங்க ஒதுக்கி வைத்திருந்ததாம். ஒருநாள் என் மகள் பொருக்கோடு வாசலுக்கு ஓடி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள். நான் பதறினேன். "விடுடி, புள்ள எத்தன நாளைக்குத்தான் அடைஞ்சு கிடக்கும்" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தண்ணி ஊற்றியதும் டின்னைத் திறந்து அவள் காசைக் கொடுத்தேன். அஞ்சு சதம்கூட விடாமல் வாங்கிக்கொண்டாள். அதுக்கப்புறம் மறுபடியும் பேச்சில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அவள் வேலைக்கு வரவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சாக்கில் சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை கட்டக்கூட ஆளில்லை. குனிந்து மூக்கைப் பார்த்தேன். பழைய தழும்பு ஒன்றுமே இல்லை.

"ஏங்க்கா பொய் சொன்னீங்க?"

"உண்மையச் சொல்லியிருந்தா புத்தகத்தக் குடுத்திருப்பியாடி?"

பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"அழுவுறத அப்புறம் வச்சுக்க. என் புத்தகம் பானைக்குப் பின்னால இருக்கு. இன்னைக்கி விட்டா இந்த வாரத்து அரிசி போயிரும். ஓடு."

வேப்பிலையை அவள் வாசலில் கட்டிவிட்டு, என் கொண்டையை இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டு ஓடினேன். காசு என் டின்னிலிருந்து எடுத்தது. இந்தத் தடவை என் வீட்டுக்காரரும் தடுக்கவில்லை.

அம்மை கண்ட வீட்டுக்கு முட்டை ஆகாது. விறகடுக்கில் கிடைத்ததையெல்லாம் தவிட்டுக்குள் சேர்த்து வைத்தேன், ஒன்றைக்கூட விற்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் இருட்டுவதற்குள் சமைத்துச் சாப்பிட்டோம். அவளுக்கு மூன்றாம் தண்ணி ஊற்றிய அன்று பதினொரு முட்டையையும் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்த நாலு மாசத்து முட்டை எங்கடி?" என்றாள்.