மெர்க்குரி விளக்கின் நிறங்கள்

கல்யாணமாகி மாமல்லபுரத்துக்கு வந்தபோது என்னோடு ஓர் அரியரும் வந்தது. பி.எஸ்சி. இயற்பியலில் மற்றதெல்லாம் தேறிவிட்டேன்; அணு இயற்பியல் மட்டும் இரண்டு முறை காலை வாரியிருந்தது. பெண் பார்க்க வந்தபோதே அப்பா இதைச் சொல்லிவிட்டார். மாமியார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எழுதி முட்ச்சிடும்மா. பாதியில வுட்டா மன்சுல குத்திகினே இருக்கும்" என்றார்.

சிக்கல் அந்தப் பாடத்தில் வரும் ஒரு பழைய அணு மாதிரியில் இருந்தது. நடுவில் உட்கரு, சுற்றிலும் வட்டப்பாதைகளில் எலக்ட்ரான்கள். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் ஆற்றல் மட்டம். மேல் மட்டத்திலிருந்து கீழே தாவினால், மிச்சமாகும் ஆற்றல் ஒளியாக வெளிவரும். தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் இரண்டு பாதைகளுக்கு நடுவில் எலக்ட்ரான் ஏன் இருக்கக் கூடாது? அதை மனம் ஏற்கவே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் குழாய் பழுதாகிக் கிடந்ததால், அந்த ஒளி பிரிந்து தெரியும் நிறமாலைக் கோடுகளைப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்திருந்தேன்.

என் கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். சவாரி இல்லாத ஒரு சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வேனை நிறுத்திவிட்டு அவர் சுண்டல் வாங்கப் போன நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்தன. வேனுக்குள் முன்கண்ணாடியில் அவர் தொங்கவிட்டிருந்த, கீறல் விழுந்த பாட்டு சி.டி. மெல்லச் சுழன்றது. அதில் மெர்க்குரி விளக்கின் வெளிச்சம் பட்டு நிறங்கள் தெரிந்தன. நான் அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

அவர் திரும்பி வந்தார். "இன்னா, அதையே பாத்துகினு கீற?"

"மஞ்சள் தனியா, பச்சை தனியா, ஊதா தனியா தெரியுதுங்க. நடுவுல இருட்டா இருக்கு."

"சி.டி.ல வானவில்லு மாரி தானே தெரியும்?"

நம்பாமல் அதைக் கழற்றி, பக்கத்து டீக்கடைக் குண்டு பல்புக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். நானும் வேனிலிருந்து இறங்கிப் போனேன். பிறகு தெருவிளக்குக்குக் காட்டினார். மறுபடி பல்புக்கு.

"இங்க முழுசா கீது. அங்க மட்டும் ஏன் துண்டு துண்டா கீது?"

"பல்புல இருக்கறது சூடான கம்பி. அதுல எல்லா நிறமும் வரும். அந்த விளக்குல பாதரச ஆவி. ஒவ்வொரு அணுவும் தனித்தனியா இருக்கு. எலக்ட்ரான் சில மட்டத்துலதான் நிக்கும், அதனால சில நிறம்தான் வரும். நடுவுல நிக்க எடம் இருந்தா, நடுவுலயும் நிறம் வந்திருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சி.டி.யை அவரிடமிருந்து வாங்கி, இன்னொரு முறை தெருவிளக்குக்குக் காட்டினேன்.

அவர் விடவில்லை. "சரி, ஏன் எடம் இல்ல?"

"நான் படிக்கற அணு மாடல்ல அதுக்குக் காரணம் இல்லீங்க. அப்படித்தான்னு வெச்சிகிட்டாங்க. ஹைட்ரஜனுக்குக் கணக்கு சரியா வந்துச்சு, பாதரசத்துக்கெல்லாம் வரல. பின்னாடி வந்தவங்கதான் காரணம் சொன்னாங்க."

"அப்ப நீ இம்மா நாளு முழிச்சதுல தப்பில்ல" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதன்பின் அந்தப் பாடத்தைத் தள்ளிப்போடாமல் எடுத்துப் படித்தேன்.

செங்கல்பட்டில் தேர்வு எழுதினேன். அந்த அணு மாதிரியின் குறைபாடுகளைக் கேட்டிருந்தார்கள், விரும்பி எழுதினேன். தேறிவிட்டேன் என்று தெரிந்த அன்று மாமியார் கேசரி கிளறி, பக்கத்து வீடுகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு செங்கல்பட்டிலேயே பி.எட். சேர்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் காலைப் பேருந்தில் பெரும்பாலும் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும். காற்று முகத்தில் அடிக்க, எந்த யோசனையும் இல்லாமல் வயல்களைப் பார்த்துக்கொண்டே போவேன்.