யாருக்கு என்னா அவசரமோ

திருப்பதி ஆஸ்பத்திரியில் நைனாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருப்பதாகத் தம்பி போன் செய்தான். புத்தூரில் பஸ் எதுவும் வரக் காணோம். நான் கை காட்டியதற்கு நின்றது கருங்கல் ஏற்றிய ஒரு லாரிதான். விஷயத்தைச் சொல்லி ஏறிக்கொண்டேன்.

ஓட்டியவருக்கு நரைத்த மீசை, கழுத்தில் ஈரத்துண்டு. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் வேகத்தைக் குறைப்பார். ஜன்னல் வழியே கையை நீட்டி, "போ ராஜா, யாருக்கு என்னா அவசரமோ" என்று வழி விடுவார். ஒரு வெள்ளைக் கார் உரசுகிற மாதிரி முன்னால் புகுந்து, கண்டபடி திட்டிவிட்டுப் போனது. அவனும் அவருக்கு ராஜாதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் அவசரம் இல்லயா? கொஞ்சம் வேகமா போங்கண்ணா!"

"நான் சடன் பிரேக் அடிச்சா லாரி நிக்கும்பா. பின்னால கீற கல்லு நிக்காது. நேரா நம்ம முதுகு மேல வரும்."

நான் அழுதுவிட்டேன். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் அதே வெள்ளைக் கார். அவர் இறங்கிப் போய் அதன் கண்ணாடியைத் தட்டினார்.

"பாபு, நீ சீக்கிரமா போறவன். இவரு நைனாவுக்கு சீரியஸா கீது. இவரையும் கூட்டினு போ."

கேட் திறந்ததும் கார் பறந்தது. முன்னால் போன ஒவ்வொரு லாரிக்கும் அவன் விடாமல் ஹாரன் அடித்தான். எதிலாவது ஒரு கை வெளியே நீளாதா என்று நான் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றிலும் நீளவில்லை.