மேற்கு ஜன்னலைக் காட்டாத புரோக்கர்

வீட்டு புரோக்கர் என்பவன், தான் ஒரு நாளும் படுத்து எழுந்திராத வீட்டைப் பற்றி, அதில் பிறந்தவனைவிட அதிகமாகப் பேசத் தெரிந்தவன். தென்காசியில் நாற்பது வருஷம் அதைத்தான் செய்தேன். இந்த ஊரில் என்னிடம் விலைக்கு வராத கட்டடம் பெரிய கோபுரம் ஒன்றுதான். அதையும் ஒருத்தர் விசாரித்தார். வடக்குப் பார்த்த வாசல் இல்லையே என்று திரும்பிப் போய்விட்டார். தெருவில் போகும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டைக் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே வார்டு நோயாளிகள்.

கைநீளச் சாவி

என் நோய் குற்றாலம் ரோட்டை ஒட்டிய ஒரு மச்சு வீடு. செங்கோட்டையிலிருந்து தச்சர்கள் வந்து கட்டியது. மேலே மலையாளத்து ஓட்டுச் சரிவு. கீழே நம்மூர்ப் பாணியில் வாசலை ஒட்டித் தார்சா, நடுக்கூடமாகப் பட்டாசல், உள்ளே பண்டம் வைக்கிற அரங்கு வீடு. உத்தரத்திலிருந்து பல்லி விழுந்தால் தரைக்கு வருவதற்குள் அதற்குப் பசித்துவிடும், அவ்வளவு உயரம். கட்டிய வக்கீல் போய்ச் சேர்ந்த பிறகு, சென்னையில் இருந்த அவர் மகள் கைநீளச் சாவியை என்னிடம் கொடுத்து விற்கச் சொன்னார்.

முதல் பார்ட்டி வருவதற்கு முன்னால் தூசி தட்ட என் வீட்டுக்காரி கோமதியைக் கூட்டிப் போனேன். ஆனி மாதம். மாடியில் மேற்கு ஜன்னலைத் திறந்தாள். தென்னந்தோப்புக்கு மேலே மலை முழுசாக நின்றது. அதன் நடுவில் அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. சாரல் அவள் முகத்தில் விழ ஆரம்பித்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன் அடித்தது. அடித்துப் பிடித்து இறங்கினோம். அப்போது நாங்கள் குடியிருந்தது மேலகரத்தில், ஜன்னலே இல்லாத ஒற்றை அறையில். "சாவி என்கிட்டதானட்டி இருக்கு, நாளைக்கும் வருவோம்" என்றேன்.

"அடுத்தவங்க வீட்டுல களவாணி மாதிரி நின்னு பாக்க மாட்டேன். உரிமையா உக்காந்து ஒரு சாரல் முழுசாப் பாக்கணும். முடியுமா உங்களால?" என்றாள் கோமதி.

பொய்க்கு விரியும் தூண்

அந்த வீட்டை வாங்க எனக்கு வக்கில்லை. யாரும் வாங்காமல் பார்த்துக்கொள்ள வாய் இருந்தது. முதல் வேலையாக மச்சுப் படிக் கதவைப் பூட்டினேன். அந்த ஜன்னலைப் பார்த்தவன் விடுவானா? "படி உளுத்துப் போச்சு, மேலே ஏறாதீங்க" என்பது வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொன்ன முதல் பொய். அடுத்தடுத்த பொய்கள் ஆளைப் பொறுத்தவை.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு இரும்புக்கடை அண்ணாச்சி வந்தார். இடித்துவிட்டு லாட்ஜ் கட்டும் யோசனை. பட்டாசல் தூணைத் தொட்டுக் காட்டி, "இது சாதாரண மரம் இல்லை அண்ணாச்சி. இதுக்கு முன்னால நின்னு யாராவது பொய் சொன்னா விரிசல் விடும். வக்கீல் காலத்துல கட்சிக்காரங்களை இங்கன நிறுத்தித்தான் விசாரிப்பாரு. இதை வெட்டினா குடும்பத்துக்கு ஆகாது" என்றேன். அவர் தூணைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் வீட்டை விட்டுவிட்டு, மேற்கே இருந்த தென்னந்தோப்பை என் மூலமாகவே விலை பேசி முடித்தார். போகும்போது என் தோளில் கை போட்டுக் கேட்டார்:

"ஏன் வேய், இந்தத் தூண்ல இத்தனை விரிசல் இருக்கே, நீரு இதுவரைக்கும் எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தீரு?"

ஆலங்குளத்துக்குப் பறந்த வேட்டி

அடுத்து புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர், சம்சாரத்தோடு. மனுஷர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி வாங்கிவிட்டார். செங்கோட்டைக் கணவாய்க் காற்றை அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று. "ஆடி மாசம் இந்த வீட்டுக்குள்ள நிக்க முடியாது அண்ணாச்சி. போன வருஷம் முற்றத்துல காயப்போட்ட எட்டு முழ வேட்டி ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுல இறங்கியிருக்கு. கண்டக்டரு டிக்கெட் கேட்டிருக்காரு" என்றேன்.

அவர் முகம் மாறியது. பக்கத்துக் காலி மனைக்கு இழுத்துப் போனேன். அதில் கல்யாண மண்டபம் கட்டினார். ஆனால் அந்த அம்மாளுக்கு மட்டும் என் வேட்டிக் கதையில் மனசு நிறைந்துவிட்டது.

"இவுகளே பறந்தாலும் பயமில்லை அண்ணாச்சி, ஆலங்குளத்துலதான் எங்க அம்மை வீடு. புடிச்சுக் கட்டிப் போட்ருவாவ."

துரை தலையில் இடித்த நிலை

கட்டடக்கலை படிக்கிற ஒரு பிள்ளை டேப்போடு வந்தது. வாங்க வரவில்லை, வரைந்துகொண்டு போகத்தான். தொந்தரவில்லாத ஆள் என்று தாராளமாகப் பேசினேன். குற்றாலத்துக்குக் குளிக்கப் போன வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் இங்கே இறங்கினார், இந்த வாசல் நிலையில் தலை இடித்து மூன்று நாள் தமிழ் பேசினார் என்றேன். பிள்ளை நிலையை அளந்தாள். ஏழடி. "துரை குதிரையோட உள்ள வந்தாரா தாத்தா?" என்று கேட்டுவிட்டுச் சுவர் கனத்தை எழுதிக்கொண்டாள்.

பிறகு, இந்த வீட்டில் எது எது எங்கே இருந்தது என்று கேட்டாள். அங்கேதான் பிடி நழுவியது. தண்ணீர்ப் பானை அடுக்களை மூலையில், வெயில் படாமல். சாய்வு நாற்காலி தார்சாவில். மாடியில் மேற்கு ஜன்னலுக்கு நேரே இரண்டு நாற்காலி, நடுவில் காபி வைக்க ஒரு ஸ்டூல். ஒரு நாற்காலி கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், கோமதிக்கு முழங்கால் மடங்காது. சொல்லிக்கொண்டே போனேன். பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"தாத்தா, நான் இருந்தவங்களைப் பத்திக் கேட்டேன். நீங்க இருக்கப் போறவங்களைச் சொல்லுதீங்க."

வக்கீல் மகள் வந்த நாள்

போன வைகாசியில் வக்கீல் மகள் நேரிலேயே வந்துவிட்டார். தலை முழுக்க நரை. தூணைத் தொட்டுப் பார்த்தார், அரங்கு வீட்டுக்குள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, சுத்துவட்டாரம் பூரா வித்துட்டீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் ஆள் கிடைக்கலையா?" என்றார். ஜாதகம், வாஸ்து, விலைவாசி என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். புளியங்குடிக்காரர் சம்சாரம் ஏதோ கல்யாணத்தில் வேட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறது; வரைய வந்த பிள்ளை துரையையும், மேற்கு ஜன்னலுக்கு நேரே நான் போட்ட இரண்டு நாற்காலியையும் சொல்லியிருக்கிறாள் போல.

திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பையிலிருந்து, தன்னிடமிருந்த இன்னொரு சாவியையும் எடுத்து என் கையில் வைத்தார். "பூட்டிக் கிடந்தா கரையான்தான் குடியிருக்கும். நீங்களும் உங்க வீட்டம்மாவும் கடைசி வரைக்கும் இங்கேயே இருங்க. விளக்கு எரிஞ்சாப் போதும்" என்றார். பேரம் பேசாமல் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். தொழிலுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

"வாடகை வேண்டாம் அண்ணாச்சி. ஆனா அந்தத் துரையையும் வேட்டியையும் மட்டும் இனிமே விட்டுருங்க."

ஒரு முழுச் சாரல்

ஆனி பிறந்ததும் குடிவந்தோம். முதல் சாரல் இறங்கிய மத்தியானம் கோமதி மச்சுப் படி ஏறினாள், படிக்குப் படி நின்று நின்று. உளுத்துப் போச்சு என்று நான் ஊருக்கெல்லாம் சொன்ன படி கல்லாட்டம் இருந்தது. நானும் அந்தக் கதவைத் திறந்து பல வருஷம் ஆயிற்று. நாற்காலி இரண்டும் போட்டு, துருப்பிடித்த கொண்டிக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, மேற்கு ஜன்னலைத் தள்ளினேன்.

எதிரே கைக்கெட்டும் தூரத்தில் லாட்ஜின் முதுகு. இடது பக்கம் மண்டபத்துச் சுவர். வரிசையாகக் குளியலறை ஃபேன்கள், கீழே இறங்கும் குழாய்கள். இரண்டு இடத்தையும் முடித்துக் கொடுத்தவன் நான். கட்டடம் மாடி மாடியாக ஏறியபோது தெருவில் நின்று பெருமையாக அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அது எந்த ஜன்னலுக்கு எதிரே ஏறுகிறது என்று ஒரு நாளாவது தோன்றவில்லை. "மேகம் மூடியிருக்குட்டி, செத்த நேரத்துல மலை தெரியும்" என்றேன். அவளிடம் அதற்கு முன் நான் பொய் சொன்னதில்லை. கோமதி உயரமான நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். சுவருக்கு மேலே ஏறிவந்த சாரல் அவள் முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

"அருவி தெரியுதுங்க, ரெண்டாம் மாடிக் குழாய்ல இருந்து விழுது. நீங்களும் உக்காருங்க, சாரல் முடியட்டும்."

நாற்பது வருஷத் தொழிலில் நான் உண்மையாகப் பாடுபட்டுக் காப்பாற்றியது ஒரே ஒரு ஜன்னல்; அதற்கு எதிரே இருந்ததையெல்லாம் விற்றுத் தீர்த்தவனும் நான்தான்.